கடல் பக்கம் திரும்பிய வீடு

வாரத்துக்கு ஐந்து ஷில்லிங். அதற்கு இரண்டு கூடம், இரண்டு படுக்கையறை, சாமான் வைத்துக்கொள்ள ஓர் உள்ளறை. 1736ஆம் வருஷம் ஜூலை மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு மீனவர் ஊரில் வாடகைக்கு இறங்கியிருந்த வில்லியம் கிளார்க் என்ற பாதிரியார் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கைச் சொல்கிறார். வீடு ரொம்பத் தாழ்வு, வாடகையும் அதே மாதிரி தாழ்வு என்கிறார். காலையில் எழுந்ததும் கடலில் குளிப்பது, குளித்த பிறகு மீன் வாங்குவது, முற்பகல் வேலை அவ்வளவுதான். சாயங்காலம் குதிரையேறிக் காற்று வாங்கிக்கொண்டு, தூரத்தில் நிற்கிற கப்பல்களை எண்ணுகிறார். நீயும் வா, உனக்குப் படுக்க இடம் இருக்கிறது என்று நண்பரையும் கூப்பிடுகிறார்.

அந்த ஊருக்கு அன்றைய பெயர் பிரைட்ஹெல்ம்ஸ்டன். இன்றைய பெயர் பிரைட்டன்.

இருநூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கடிதத்தின் சுருக்கத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஏனென்றால், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு வாடகை வீட்டில் நாங்கள் பத்தொன்பது பேர் கழித்த நாளும் அச்சு அசலாக இதேதான். குளித்தோம், மீன் வாங்கினோம், கப்பல் எண்ணினோம். குடும்பத்தோடு போய்க் கடலோரம் ஒரு வீட்டை எடுத்துத் தங்குவது இப்போது சாதாரண விஷயமாகிவிட்டது. ‘பீச் ஹவுஸ் எடுத்திருக்கோம்’ என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் இந்த வழக்கம் எங்கேயோ, எதற்காகவோ பிறந்திருக்க வேண்டும். அது பிறந்த இடத்தில் உல்லாசம் இல்லை. நோய்தான் இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். கடலைப் பார்க்க ஜன்னல் வைத்து வீடு கட்டும் ஆசை மனிதனுக்கு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. ரோமானியர்களுக்கு இருந்தது. நேப்பிள்ஸ் பக்கத்தில் பாயே என்ற ஊரில் அவர்கள் பிரபுக்கள் தண்ணீரை ஒட்டி மாளிகை மாளிகையாகக் கட்டினார்கள். நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து அந்த மாளிகைகளில் பாதி இன்று கடலுக்கடியில் கிடக்கிறது. இளைய பிளினி ரோமிலிருந்து 17 மைலில் இருந்த தன் கடலோர வீட்டைப் பற்றி அறை அறையாக எழுதியிருக்கிறார். வில்லா என்ற சொல்லும் அவர்களுடையதுதான். ஆனால் அவை சொந்த வீடுகள், செல்வாக்கு இருந்தவர்கள் வைத்திருந்தவை. அந்த சாம்ராஜ்யம் போனதும் அந்த ஆசையும் பெரும்பாலும் போய்விட்டது. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குக் கடற்கரை என்றால் பயம்தான். புயல் வரும், கொள்ளைக் கப்பல் வரும், பிணம் ஒதுங்கும். பிரைட்டனிலேயே 1703ஆம் வருஷத்துப் பெரும்புயலும் அடுத்த இரண்டு வருஷத்தில் வந்த இன்னொன்றும் கரையோரத் தெருக்களை அடித்துக்கொண்டு போயின. மிச்சமிருந்த பழைய வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நாளெல்லாம் கடலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்குள்ளேயும் அது எதற்கு?

நம் பக்கம் மட்டும் வேறா? கரையைவிட்டு உள்ளே வாழ்ந்தவர்களுக்குக் கடல் ஒருநாள் காரியம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போய் முழுக்குப் போட்டுத் தர்ப்பணம் கொடுப்பார்கள். மாசி மகத்துக்குச் சாமியோடு போய்த் தீர்த்தவாரி முடித்து, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவார்கள். எங்கள் தாத்தாவுக்குக் கடலோரமாக ஒரு துண்டு நிலம் மலிவாக வந்தபோது, ‘உப்புக்காத்துல பூட்டுகூட நிக்காது’ என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டாராம். அதை இப்போது சொல்லிச் சொல்லி மாமா பெருமூச்சு விடுகிறார். தாத்தா சொன்னது தப்பில்லை. நாங்கள் எடுத்திருந்த வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போய், கல்லால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.

அப்படியென்றால் கடலுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் தங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? வைத்தியர்களிடமிருந்து.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஸ்கார்பரோ என்ற ஊரில், கடற்கரையை ஒட்டியே ஓர் ஊற்று இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பணக்காரர்கள் வந்தார்கள். 1660இல் ராபர்ட் விட்டி என்ற வைத்தியர் அதைப் புகழ்ந்து புத்தகம் போட்டார். ஊற்றுத்தண்ணீர் குடிக்க வந்தவர்கள் பக்கத்திலேயே இருந்த கடலிலும் கால்வைத்தார்கள். அங்கே 1735இல் வரையப்பட்ட ஒரு படத்தில், கரையோரத்தில் சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த விஷயத்தை ஓர் ஊற்றோடு நிற்காமல் கடல் முழுவதற்கும் விரித்தவர் ரிச்சர்ட் ரஸ்ஸல். சஸ்ஸெக்ஸில் லூயிஸ் என்ற ஊரின் வைத்தியர். கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி வீங்குகிற நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று 1750இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். ஓரிரு வருஷத்தில் அது ஆங்கிலத்தில் வந்து பரபரப்பாக விற்றது. அவர் சொன்ன சிகிச்சை லேசானதில்லை. காலையில் கடல்நீரைக் குடிக்கவேண்டும். குளிர்ந்த நீரில் முழுகவேண்டும். அப்போதே பறித்த கடற்பாசியால் வீக்கத்தைத் தேய்க்கவேண்டும். அன்றைக்கு அதை மக்கள் நம்பினார்கள். வேறு எதுவும் கைகொடுக்காத நோய்க்கு ஒருவர் திடமாக ஒன்றைச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

இங்கேதான் வீடு வருகிறது. இது ஒரு வேளையோடு முடிகிற மருந்தில்லை. வாரக்கணக்கில் எடுக்கவேண்டும், சிலர் மாதக்கணக்கில். வீக்கத்தோடு வருகிற குழந்தை தனியாக வராது. தாய் வருவாள், மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு வரமுடியாது. சமைக்க ஆள் வேண்டும், துணி துவைக்க ஆள் வேண்டும், குதிரைக்கு இடம் வேண்டும். பயணிகள் ஓர் இரவு தங்கிப்போகிற சத்திரம் இதற்குப் போதாது. ஆகவே பிரைட்டன்காரர்கள் தங்கள் வீட்டில் அறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள். மீன் குறைந்து வந்த காலம், வாடகைக் காசு அவர்களுக்கும் வேண்டியிருந்தது. நோயாளிக்குத் தேவைப்பட்டது படுக்கை மட்டுமில்லை, ஒரு குடும்பம் தன் போக்கில் நடந்துகொள்ளக்கூடிய வீடு. இந்த வழக்கத்தின் விதை அதுதான் என்று நினைக்கிறேன். கிளார்க் பாதிரியார் தன் ஐந்து ஷில்லிங் கணக்கில் உள்ளறையைச் சேர்த்துச் சொன்னதற்கும் காரணம் அதுதான். வாங்கிய மீனையும் மாவையும் வைக்க இடம் இருந்தால்தான் அது வீடு.

ரஸ்ஸலிடம் நோயாளிகள் குவிந்தார்கள். 1753இல் அவர் பிரைட்டனுக்கே வந்து, ஸ்டெய்ன் என்ற புல்வெளியின் தென்முனையில் வீடு கட்டினார். அந்த ஊர் அதுவரை பார்த்த வீடுகளிலேயே பெரியது. தோட்டத்தைத் தாண்டினால் கடற்கரை. அதில் அவரும் இருந்தார், நோயாளிகளும் தங்கினார்கள். ஆறே வருஷம்தான். 1759இல் ரஸ்ஸல் காலமானார். வீடு நின்றது.

அந்த வீட்டைப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் என் ஆர்வமெல்லாம். சீசனுக்கு சீசன் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வைத்தியர் போய்விட்டார், வீடும் கடலும் மட்டும் மிச்சம். வந்தவர்கள் மருந்தையும் மெல்ல மறந்தார்கள். கடலோரத்துப் பெரிய வீட்டைக் குடும்பத்தோடு வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பிறந்த வீடு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். 1779இல் அதை எடுத்தவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி, கம்பர்லாண்ட் கோமகன். 1783 செப்டம்பரில் அவரைப் பார்க்க அண்ணன் மகன் வந்தான். பட்டத்து இளவரசன், அப்போதுதான் இருபத்தொரு வயது. சித்தப்பாவுக்கு விருந்தாளியாக வந்த பையன் அந்த ஊரையே பிடித்துக்கொண்டான். 1786இல் பக்கத்தில் ஒரு பண்ணைவீட்டைக் குத்தகைக்கு எடுத்தான். அது அடுத்த வருஷம் ஹென்றி ஹாலண்டின் கையில் மாளிகையாயிற்று. 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் அதை வெங்காயக் கலசங்களும் மினார்களும் வைத்து இந்திய அரண்மனை மாதிரி மாற்றிக் கட்டினார். இன்று உலகமே வந்து பார்க்கிற ராயல் பெவிலியன் அதுதான்.

அந்தக் கலசங்களுக்கடியில் நிஜமான இந்தியர்கள் படுத்திருந்த காலம் ஒன்று உண்டு. முதல் உலகப்போரில் பிரான்ஸ் களத்தில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 கடைசியிலிருந்து அது ஆஸ்பத்திரியாக இருந்தது. அவரவர் மதத்துக்கும் சாதிக்கும் தக்கபடி சமைக்க ஒன்பது சமையற்கூடங்கள் வைத்தார்கள். நோய்க்காகக் கடலோரம் வந்து தங்குகிறவனுக்குத் தன் வீட்டு அடுப்பு வேண்டும் என்பது அங்கே எவ்வளவு துயரத்தோடு திரும்பி வந்திருக்கிறது! இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே மேட்டில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் திறந்த வெண்ணிறச் சத்திரி இன்றும் நிற்கிறது.

இன்னொரு இந்தியரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரஸ்ஸல் இறந்த அதே 1759இல் பாட்னாவில் பிறந்தவர் ஷேக் தீன் முகமது. 1814இல் பிரைட்டனுக்கு வந்து ஆவிக்குளியலும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடிக்கும் வைத்தியமும் தொடங்கினார். நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் உடம்பு பிடித்தவர் அவர். அந்தப் பிடித்துவிடும் வேலைக்கு நம் நாட்டிலிருந்து போன பெயர்தான் ஷாம்பு.

சரி, சக்கரம் வைத்த கூண்டுக்கு வருவோம். நாலு சக்கரத்தில் ஒரு மர அறை. ஒரு பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றவேண்டும். குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகும். மறுபக்கக் கதவைத் திறந்தால் இடுப்பளவு கடல். அங்கே கருத்த கனமான உடையோடு ஒரு பெண் நிற்பாள். அவள் முழுக்காட்டுகிறவள். வந்திருக்கும் சீமாட்டியைத் தோளைப் பிடித்து, அலை வருகிற நேரம் பார்த்து, தலை மறைய அமுக்கி எடுப்பாள். அந்தக் குளிரில் யாரும் தானாக முழுகமாட்டார்கள், அதனால் அமுக்கத்தான் வேண்டும். மார்த்தா கன் என்ற பெண்மணி பிரைட்டனில் பல பத்து வருஷம் இந்த வேலையைச் செய்து, 1815இல் எண்பது வயதைத் தாண்டி இறந்தார். இளவரசன் உட்பட எல்லோரும் அறிந்த பெயர். கடலைப் பார்த்துப் பழகாத ஒரு வர்க்கத்துக்குக் கடலை அறிமுகப்படுத்தியவர்கள் வைத்தியர்கள் என்று புத்தகங்கள் சொல்லும். உண்மையில் கைப்பிடித்து இறக்கிவிட்டவர்கள் இந்தப் பெண்கள். எந்த அலையில் இறங்கலாம், எதில் கூடாது என்று லத்தீன் நூலில் எழுதியிருக்காது.

வாடகைக்கென்றே வீடு கட்டத் தொடங்கியபோதுதான் வீடு கடல் பக்கம் திரும்பியது. தெருவின் மற்ற வீடுகளை மீறிப் பக்கவாட்டிலாவது ஒரு கீற்றுக் கடல் தெரியட்டும் என்று, வளைந்து வெளியே பிதுங்குகிற ஜன்னல்களை வைத்தார்கள். பிரைட்டனின் முகமே அந்த வளைந்த ஜன்னல்தான். 1820களில் கெம்ப் டவுன், பிரன்ஸ்விக் என்று கடலை நோக்கி வரிசை வரிசையாக எழுந்த மாடிவீடுகளில் பல சீசனுக்கு விடுவதற்காகவே கட்டியவை. ஊருக்கு வந்து இறங்கியதும் வாடகைப் புத்தகசாலைக்குப் போய்ப் பேர்ப் பதிவில் பெயர் எழுதுவது மரியாதை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே தெரிந்துவிடும்.

நம் சீசன் என்ற சொல்லையும் இதே காலம்தான் கொடுத்தது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் கடலுக்குப் பதிலாக மலையில் அந்த வழக்கத்தை நட்டார்கள். 1819இல் நீலகிரி ஏறிய ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் தன் கல்வீட்டைத் தொடங்கினார். ஊட்டி சீசன் என்றும் குற்றால சீசன் என்றும் நாம் இன்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். சாரல் நாளில் குற்றாலத்தில் ஒரு வீட்டை எடுத்து, அண்டா குண்டாவோடும் சமையல்காரரோடும் போய் இறங்கிய குடும்பங்கள் நிறைய. எங்களுக்குக் கடல் வீட்டைவிட அது பழைய நினைவு.

இந்த வாடகை வீடுகளைப் பற்றி எழுதவே ஒரு பெரிய எழுத்தாளர் உட்கார்ந்தார். 1817 ஜனவரியில் ஜேன் ஆஸ்டின் ஒரு நாவல் தொடங்கினார். கடலோரத்தில் ஒரு கிராமம், அதைப் பெரிய உல்லாச ஊராக்கிவிடத் துடிக்கிற பார்க்கர் என்ற மனிதர். அவர் தன் முன்னோர் வீட்டை விட்டுவிட்டு வருகிறார். அது காற்று படாத பள்ளத்தாக்கில், காய்கறித் தோட்டத்தோடு, அடக்கமாக இருந்த வீடு. இப்போது குன்றின்மேல் கடலைப் பார்த்துப் புதுவீடு. வண்டி பழைய வீட்டைக் கடக்கும்போது மனைவி திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். புதுவீட்டில் புயலடித்த ராத்திரியில் கட்டிலே ஆடியதை அவள் மறக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது பார்க்கரின் கண் ஜன்னல்களையே மேய்கிறது, எத்தனையில் ‘வாடகைக்கு’ என்ற சீட்டு இன்னும் தொங்குகிறது என்று. வீடு கட்டிவிட்டு ஆள் வருவாரா என்று காத்திருப்பவனின் அந்தப் பார்வையை இதைவிட அன்போடு யாரும் எழுதியதில்லை. மார்ச் 18ஆம் தேதி ஆஸ்டின் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பு முடியவில்லை. ஜூலையில் இறந்துபோனார். ‘சாண்டிட்டன்’ பாதியிலேயே நிற்கிறது. நோயாளிகளுக்காகப் பிறந்த ஊர்களைப் பற்றிய கதையை அவர் நோயோடு எழுதிக்கொண்டிருந்தார் என்பது படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அழுத்துகிறது.

இதில் தோற்றவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். ஸ்டெய்ன் புல்வெளி மீனவர்கள் வலை உலர்த்திய இடம். உலா வந்த சீமாட்டிகளின் கால் வலையில் மாட்டியது. பல வருஷம் இழுபறி. கொஞ்சம் கொஞ்சமாக வேலி வந்தது, வலை போயிற்று. தங்கள் கூடத்தை ஒழித்து இந்த வழக்கத்துக்கு முதல் இடம் கொடுத்தவர்கள் கடைசியில் வலை விரிக்க இடமில்லாமல் நின்றார்கள்.

1841 செப்டம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது. காலையில் வந்து மாலையில் போகிற கூட்டம் வந்தது. விக்டோரியா ராணிக்கு அந்த நெரிசல் பிடிக்காமல் பெவிலியனையே 1850இல் ஊருக்கு விற்றுவிட்டார். சாதாரணக் குடும்பங்கள் ஒரு வாரத்துக்கு அறை எடுக்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். முழு வீட்டுக்கு வழியில்லாதவர்களுக்காக ஒரு நூதனமான ஏற்பாடு இருந்தது. மாமிசமும் ரொட்டியும் தேயிலையும் நீங்களே கடையில் வாங்கிவந்து கொடுக்கவேண்டும், வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். ஒரே அடுப்பில் நாலு குடும்பத்துச் சமையல், நாலும் தனித்தனி. மேஜைமேல் வைக்கிற உப்பு, மிளகு, கடுகுக் குப்பிகளுக்குத் தனியாகக் காசு உண்டு. அந்தக் காசைப் பற்றிப் புலம்பாத விருந்தாளி இல்லை. விடிவதற்கு முன் எழுந்து நாலு உலை வைத்த அந்த அம்மாள்களில் பலர் விதவைகள். எனக்கென்னவோ அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

தெற்கே பிரான்ஸில் இதே கதை இன்னொரு முறை நடந்தது, மறுபடியும் நோயோடு. 1834இல் ப்ரூம் பிரபு நோயாளி மகளோடு இத்தாலிக்குப் போகிற வழியில், காலராவுக்காக எல்லையை மூடிவிட்டதால் கான் என்ற மீனவக் கிராமத்தில் தங்க நேர்ந்தது. அங்கேயே நிலம் வாங்கி மகள் பெயரில் வில்லா கட்டினார். பின்னால் காசநோயாளிகள் குளிர்காலத்துக்கு அந்தக் கரை முழுவதும் வந்து வில்லாக்களை வாடகைக்கு எடுத்தார்கள். 1882 மார்ச்சில் விக்டோரியா ராணியே மாந்தோன் ஊரில் ஒரு வில்லாவில் தங்கினார். அதே மார்ச்சில் பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். காற்றும் வெயிலும் மட்டும் நோயை ஆற்றிவிடும் என்ற நம்பிக்கை பின்னால் மெல்ல மெல்ல ஆட்டம் கண்டது. ஆனாலும் வில்லாக்கள் காலியாகவில்லை. வருகிறவர்கள்தான் மாறினார்கள். கோடையில் பூட்டியே கிடந்த அந்தக் கரையில் 1923இல் ஜெரால்டு, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி ஒரு ஓட்டலைக் கோடையிலும் திறந்து வைக்கச் சொல்லித் தங்கினார்கள். 1926இல் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு ழுவான் லே பேன் ஊரில் தண்ணீரை ஒட்டிய ஒரு வில்லாவைக் குடும்பத்தோடு வாடகைக்கு எடுத்தார். 1936இல் பிரான்ஸில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. இங்கிலாந்திலும் சம்பளத்தோடு விடுமுறைக்கு 1938இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கடற்கரை பிரபுக்களுடையது என்று யாரும் சொல்லமுடியவில்லை. 1995இல் வீட்டுக்காரரிடமே நேராக எடுக்கும் விஆர்பிஓ இணையதளமும் 2008இல் ஏர்பிஎன்பியும் வந்து, புத்தகசாலைப் பேர்ப் பதிவைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டன.

நாங்களும் அப்படிக் கைபேசியில் பார்த்துத்தான் எடுத்தோம். பெரியம்மாவுக்கு எழுபத்தைந்து முடிந்தது. ஓட்டலில் போட்டால் ஏழு அறை, ஏழு கதவு. அவரவர் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம் என்று சித்திதான் சொன்னாள். ‘ஒரே வீடா பாரு, சமையல்கட்டு பெருசா இருக்கணும்’ என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. இரண்டு ராத்திரி. ரஸ்ஸலின் நோயாளிகளுக்கு மாதக்கணக்கு, எங்களுக்கு இரண்டு ராத்திரி.

போய் இறங்கியதும் பெண்கள் நேரே சமையல்கட்டுக்குப் போனார்கள். கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அலமாரியில் டம்ளர் பன்னிரண்டு, தட்டு பதினாறு. இட்லிக் குண்டான் இல்லை, அது எங்கள் டிக்கியில் இருந்தது. மேடையில் ஒரு பீங்கான் ஜாடி. திறந்து பார்த்தால் உப்பு. கடல்காற்றில் நீர்விட்டுக் கல்லாக இறுகியிருந்தது. சித்தி கரண்டிக் காம்பால் கொத்திக் கொத்தி ஒரு பிடி எடுத்தாள். எங்களுக்கு முன்னால் தங்கின யாரோ விட்டுப்போன உப்பு. எனக்கு அந்த பிரைட்டன் குப்பிகள் ஞாபகம் வந்தன.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அண்ணா என்றோம். இந்தக் காம்பவுண்டு இருக்கிற இடத்தில் அவர் அப்பா காலத்தில் கட்டுமரங்களை ஏற்றி வைத்திருந்தார்களாம். இப்போது படகை நிறுத்த இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் முதலில் 1991இல் வந்தன, உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை எதை எங்கே கட்டலாம் என்று சொல்கின்றன. அண்ணனுக்கு அந்த எண்ணெல்லாம் தெரியும். 2004 டிசம்பர் சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதும் தெரியும், தோட்டத்துத் தென்னையில் கைவைத்துக் காட்டினார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அந்தச் சுவருக்குள் நிற்பது கூச்சமாக இருந்தது. இனி வீடு எடுத்தால் கரைக்குப் போகிற பாதையை மறிக்காத வீடாகப் பார்த்து எடுக்கவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்கப்புறம் இரண்டு முறை போயிருக்கிறோம், அதைக் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் கடலில் இறங்கத் துடித்தார்கள். அண்ணன் கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். ‘இந்தப் பக்கம் வேணாம், இழுக்குது. அப்படிக்கா வாங்க’ என்று வடக்கே நூறு அடி கூட்டிப்போனார். எனக்கு இரண்டு இடமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. கணுக்காலுக்குமேல் போகக்கூடாது என்று சொல்லி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கும் அலைக்கும் நடுவே அவரே போய் நின்றார். பெரியம்மாவைக் கையைப் பிடித்து இறக்கியதும் அவர்தான். அலை வந்து காலை நனைத்தபோது பெரியம்மா அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்கே ஃபைபர் படகு கரையேறியது. சித்தியும் அத்தையும் தூக்குவாளியோடு மணலில் நின்றார்கள். வலையிலிருந்து சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் விழுந்துகொண்டிருந்தன. சங்கரா துள்ளித் துள்ளி மணலை அப்பிக்கொண்டது. மீன்காரம்மா சொன்ன விலைக்குச் சித்தி தலையை ஆட்டினாள், அவள் வழக்கப்படி பேரம் பேசவில்லை. அண்ணன் மனைவி அரிவாள்மனையோடு வந்து எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து, பத்தொன்பது பேருக்கான மீனையும் செதில் எடுத்து ஆய்ந்து கொடுத்தார். பெரியம்மா அடுப்படிக்குப் போய்ப் புளியை ஊறப்போட்டுவிட்டு, உப்பு ஜாடியை எடுத்துவரச் சொன்னார்.